செல்லப்பிராணி கேள்வி பதில்: தவளைத் தொட்டி இருக்கும் வீட்டில் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: தீபாவளிக்கு முன் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறோம். அங்கேதான் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை இரண்டு இருக்கும் கண்ணாடித் தொட்டியும் உள்ளது. துணி போட்டு மூடினால் போதுமா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: போதாதம்மா. துணி தெறிக்கும் துளியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியேதான். தொட்டியின் ஈரத்தில் எது கரைந்தாலும் நேரே உடம்புக்குள் போய்விடும்.

டின்னைத் திறக்கும் முன்பே தவளைகளை வீட்டின் மறுகோடி அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியில் சிறு துளைகள், அடியில் வாசனையில்லாத வெள்ளை டிஷ்யூ, குளோரின் நீக்கிய தண்ணீர் ஒரு கிண்ணம். டிஷ்யூவைத் தினமும் மாற்ற வேண்டும்.

தவளையை மட்டும் தூக்கிக்கொண்டு தொட்டியை அங்கேயே விடுபவர்கள்தான் அதிகம். தேங்காய் நார்த்தூளும் பாசியும் ஆவியை உள்ளிழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு நாள்கணக்கில் வெளியே விடும். தொட்டியையும் வெளியேற்றுங்கள். முடியாவிட்டால், வேலை முடிந்ததும் உள்ளே இருக்கும் நாரையும் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

சுவருக்குத் தண்ணீர் கலந்து அடிக்கும் பிவிஏ அல்லது அக்ரிலிக், அதிலும் வாசனை குறைந்த ரகம் நல்லது. குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புப் பெயின்ட் வேண்டாம். அதில் உள்ள பூஞ்சைக்கொல்லி தவளைக்கும் விஷம். கதவு ஜன்னலுக்கு எனாமல் (டர்பன்டைன் கலந்து அடிக்கும் எண்ணெய்ப் பெயின்ட்) அடித்தால் கூடுதல் கவனம் தேவை. டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் போகாது; எதிரெதிரே இரண்டு வாசல் திறந்து காற்று ஊடாட விடுங்கள்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர்ப் பெயின்ட் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். டர்பனில் தீபாவளிச் சமயம் மழைக்காலம். ஈரக்காற்றில் இன்னும் தாமதமாகும். தவளைகளைத் திரும்பக் கொண்டுவர, கடைசிக் கோட்டுக்குப் பிறகு தண்ணீர்ப் பெயின்டுக்குக் குறைந்தது ஒரு வாரம், எனாமலுக்கு மூன்று வாரம் பொறுங்கள். பிறகு ஓர் இரவு அறையைப் பூட்டிவையுங்கள். காலையில் வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறங்கள். இலேசாக வாடை வந்தாலும் இன்னொரு வாரம்.

இன்னொன்று: சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடுகள் நிறைய. தென்னாப்பிரிக்காவில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்தது 2009இல்தான். அடிக்கோட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும், குழந்தைகளுக்கும் கேடு. நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: ஆக்ஸலாட்டல் (தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர்) தொட்டியின் பின்கண்ணாடிக்குக் கறுப்பு அடிக்க ஆசை. (வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்)

பதில்: வெளிப்பக்கம் மட்டும். தண்ணீர் அக்ரிலிக்கை ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிய மூன்று கோட்டாக, கோட்டுக்கு இரண்டு மணி இடைவெளி விட்டு அடியுங்கள். ஸ்பிரே டின் கூடாது, அதன் புகை விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். தொட்டி காலியாக, வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பிராணி வேறு அறையில் இருந்தாலும் ஏர் பம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பம்ப் தான் இருக்கும் அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் ஊதும். மாற்று டப்பாவில் தண்ணீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். எங்களைக் கேட்டால், கறுப்பு அட்டையை டேப் போட்டு ஒட்டுவதே மேல்.

கேள்வி: தொட்டிக்கு உள்ளே ஃபோம் பாறை செய்து பெயின்ட் அடித்தேன். இப்போது உரிகிறது, தவளையும் அடிக்கடி தோல் உரிக்கிறது. (வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: இன்றே தவளையை வெளியே எடுங்கள். ஆழமில்லாத, குளோரின் நீக்கிய தண்ணீரில் வைத்து, முதல் நாள் மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். கால் நீட்டிக் கிடந்தாலோ, அடிவயிறு சிவந்தாலோ தவளை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.

எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் பெயின்டுக்குப் பின்னால் நீர் புகுந்து கொப்பளித்து உரியத்தான் செய்யும். அந்தப் பாறையைச் சுரண்டிக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுங்கள். புதிதாகச் செய்தால் பெயின்டே வேண்டாம். மீன்தொட்டிக்கான சிலிக்கோனை 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த நார்த்தூளை உள்ளங்கையால் அழுத்துங்கள். குளியலறைச் சிலிக்கோனில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அதை வாங்காதீர்கள். சிலிக்கோன் காயும்போது வரும் காடி (வினிகர்) வாடை முழுதும் போக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தவளை டப்பாவிலேயே இருக்கட்டும்.