கலிஃபோர்னியாவில் சிறைப் பதிவுக் கட்டணம் இன்னும் உண்டா?

தண்டனை பெற்றவரிடமே அவரைச் சிறையில் பதிவு செய்த செலவையும் வாங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கினார்கள். கைதானவரைச் சிறைக்குக் கொண்டுவந்ததும் கைரேகை எடுப்பது, படம் பிடிப்பது, உடைமைகளைக் குறித்து வைப்பது என்று சில வேலைகள் உண்டு. அமெரிக்காவில் பல கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) அந்தச் செலவை அவர் தலையிலேயே கட்டின. இது அபராதம் அல்ல, அதற்கு மேல் வரும் நிர்வாகக் கட்டணம்.

கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் இந்தத் தொகை 270 டாலர் 17 சென்ட். தண்டிக்கப்பட்டவரால் அதைக் கட்ட முடியும் என்பதற்கு ஆதாரமே இல்லை என்பது முறையீடு. விசாரணை நீதிமன்றத்திலேயே ஆட்சேபித்திருக்க வேண்டும், இப்போது கேட்க முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். தண்டனையைக் கேட்டு நிற்கிற மனிதருக்கு அந்த நேரத்தில் இந்தத் தொகையா கண்ணில் படும்? எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை.

சரி, இப்போது என்ன நிலை? 2020இல் நிறைவேறிய ஏபி 1869 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், 2021 ஜூலை 1 முதல் இதையும் சேர்த்து 23 நிர்வாகக் கட்டணங்களை நீக்கியது. பழைய பாக்கியையும் இனி வசூலிக்க முடியாது. ஆனால் அபராதத்தையும், பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டையும் அந்தச் சட்டம் தொடவில்லை. அவற்றைக் கட்டத்தான் வேண்டும்.