பயிற்சியிடம் தேடித் தருவது யார் பொறுப்பு?

கேள்வி: என் மகன் இயந்திரப் பொறியியல் டிப்ளமோவில் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டான். பி1, பி2 எனப்படும் தொழிற்பயிற்சி முடியாததால் இரண்டு ஆண்டுகளாகச் சான்றிதழ் வரவில்லை. உறவினர்கள் அவனைச் சோம்பேறி என்கிறார்கள். தவறு யாருடையது?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உங்கள் மகனுடையது அல்ல, அம்மா. பணியிடப் பயிற்சியைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக வைத்திருக்கும் கல்வி நிறுவனமே மாணவரை அந்தப் பயிற்சியில் சேர்த்துவிட வேண்டும் என்று, 2007-இல் நம் தென்னாப்பிரிக்க அரசு வெளியிட்ட உயர்கல்வித் தகுதிக் கட்டமைப்பும், அதன் 2013 திருத்தமும் தெளிவாகச் சொல்கின்றன. அப்படியிருக்க, ஓர் அறிமுகக் கடிதத்தையும் வெற்றுப் பயிற்சிப் பதிவேட்டையும் கொடுத்து, "நீயே தேடிக்கொள்" என்று பிள்ளையை அனுப்பிவிடுவது பொறுப்பைக் கைகழுவும் செயல்.

அத்தகைய பதிவேடு ஒன்றை ஓர் இளைஞர் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். ஜேக்கப்ஸ், மோபெனி, பிராஸ்பெக்டன் என்று தொழிற்சாலை வாசல்தோறும் ஏறி இறங்கியதில் அட்டையின் ஓரம் பிய்ந்திருந்தது. உள்ளே, மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டிய கட்டங்களில் ஒன்றுகூட நிரம்பவில்லை. இதையா சோம்பல் என்பது?

செவிலியர் படிப்பில் மருத்துவமனை வார்டும், ஆசிரியர் படிப்பில் பள்ளி வகுப்பறையும் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பொறியியல் மாணவருக்கு மட்டும் பட்டறையின் கதவை அவரே தட்ட வேண்டியிருப்பது ஏன்? 1946-இல் தொடங்கிய எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரியில், பகலெல்லாம் உழைத்த நம் இந்திய வம்சாவளியினர் மாலையில் வந்து படித்தார்கள். வேலையும் படிப்பும் அவர்களிடம் ஒன்றாகவே இருந்தன. இன்று இரண்டுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நிரப்பும் சுமை பிள்ளைகளின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது.

துறைத் தலைவருக்கு, மேற்சொன்ன விதியைக் குறிப்பிட்டு, பயிற்சியிடம் கேட்டு எழுத்து மூலமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகச் செலுத்துகின்றன; அந்தப் பணத்தில் ஒரு பகுதி, 'செட்டா' எனப்படும் துறைவாரிப் பயிற்சி வாரியங்கள் வழியாகப் பயிற்சி மானியமாகத் திரும்பி வருகிறது. ஆகவே தொழிற்சாலைக்குப் போனால் வாசல் காவலரிடம் விண்ணப்பத்தை விட்டுவராமல், 'செட்டா' பணிகளைக் கவனிக்கும் அலுவலரைக் கேட்டுப் பார்க்கட்டும். இடம் கிடைத்தால், முதல் நாள் வேலைக்குப் போகுமுன்பே கல்லூரியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் உழைத்த மாதங்கள் கணக்கில் சேராமல் போகக்கூடும்.