ஆஃபர் என்றால் தள்ளுபடியா?

கேள்வி: ஐயா, லாங்கு பஜார் துணிக்கடையில் 'ஆடி ஆஃபர்' போர்டு, மகளுக்கு ராணிப்பேட்டை கம்பெனியில் இருந்து 'ஆஃபர் லெட்டர்', சர்ச்சில் காணிக்கைக்கு 'ஆஃபரிங்'. எல்லாம் ஒரே சொல்தானா? - குடியாத்தம் வாசகி

பதில்: ஒரே சொல்தான் அம்மா. லத்தீனில் 'எதிரே கொண்டுபோய் வைப்பது' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் கடவுளுக்குப் படைப்பதைத்தான் முதலில் சொன்னார்கள், அதனால் காணிக்கைதான் மூத்த பொருள், தள்ளுபடியெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது.

'கிவ்' வேறு, 'ஆஃபர்' வேறு, நம்மில் பலர் குழம்புவது இங்கேதான். 'ஐ கேவ் ஹிம் டீ' என்றால் டீ அவர் கைக்குப் போய்விட்டது. 'ஐ ஆஃபர்டு ஹிம் டீ' என்றால் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன், அவ்வளவுதான். அவர் வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். ஆக, தர முன்வருவதுதான் ஆஃபர், வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் எதிராளி பாடு. உங்கள் மகளும் சரி என்று பதில் போட்டால்தான் அந்த லெட்டருக்கு உயிர். (1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆஃபரையே 'ப்ரொபோசல்' என்கிறது.)

அப்புறம், 'ஹி ஆஃபர்டு மீ டு ஹெல்ப்' என்று எழுதாதீர்கள், 'ஹி ஆஃபர்டு டு ஹெல்ப் மீ' என்பதுதான் சரி. கடை போர்டில் 'ஆன் ஆஃபர்' என்று போட்டால் விலை குறைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் விற்பனைக்கு உள்ள வீட்டில் 'அண்டர் ஆஃபர்' என்று இருந்தால், ஒருவர் விலை பேசிவிட்டார், பத்திரம் இன்னும் முடியவில்லை.