அம்பர் ஸ்கிரீனில் ஒரு யுத்தம்: கேள்வி பதில்

1989-ல் நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் லேப் உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். பகலில் பிள்ளைகளுக்கு டாஸ் கட்டளைகள் சொல்லிக்கொடுப்பேன். ராத்திரி, சாவி என்னிடம் இருந்ததால், எனக்கு யுத்தம். பழைய போர் விளையாட்டுகளைப் பற்றியும் அவை ஓடிய மெஷின்களைப் பற்றியும் என்ன வேணுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டுவிட்டேன். வந்த கேள்விகளில் உருப்படியானவற்றுக்கு, கேட்டவரின் ஊர்ப் பேரை மட்டும் போட்டு, பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணே, கம்ப்யூட்டர்ல முதல்ல வந்த வார் கேம் எது?

"முதல்" என்று கேட்டாலே சண்டைதான். வால்டர் பிரைட் என்ற மாணவர் 1970-களின் கடைசியில் கல்லூரியின் பெரிய பி.டி.பி.-10 மெஷினில் "எம்பயர்" எழுதினார். 1978-ல் கிறிஸ் கிராஃபர்ட் கமடோர் பெட் கம்ப்யூட்டருக்கு "டாங்டிக்ஸ்" எழுதித் தானே விற்றார். ஆனால் கடையில் பெட்டி போட்டு விற்ற முழுமையான போர் விளையாட்டு என்றால் பெரும்பாலானவர்கள் 1980-ல் வந்த "கம்ப்யூட்டர் பிஸ்மார்க்" என்றுதான் சொல்வார்கள். ஜோயல் பில்லிங்ஸ் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. கம்பெனியின் முதல் விளையாட்டு அது. ஆப்பிள் டூ மெஷினுக்கு, பேசிக் மொழியில் எழுதியது. நீங்கள் பிரிட்டிஷ் கடற்படை, ஒளிந்து திரியும் ஜெர்மன் கப்பலைத் தேட வேண்டும். ஜெர்மனியின் பழைய தலைவர் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க் பேரைத் திரித்து, எதிரியாக ஆடும் கம்ப்யூட்டருக்கு "ஓட்டோ ஃபான் கம்ப்யூட்டர்" என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தக் குசும்புக்காகவே எனக்கு அந்த விளையாட்டைப் பிடிக்கும்.

தக்கலை: மேப் எல்லாம் ஏன் ஆறு மூலையா இருக்கு? சதுரம் போதாதா?

சதுரத்தில் நேராக ஒரு கட்டம் நகர்ந்தால் 1 தூரம், மூலைவாட்டில் நகர்ந்தால் 1.4 தூரம். ரெண்டையும் ஒரே நகர்வாகக் கணக்கு வைத்தால் மூலைவாட்டில் போகிறவனுக்குத் தள்ளுபடி கிடைத்துவிடும். அறுகோணத்தில் பக்கத்துக் கட்டங்கள் ஆறும் ஒரே தூரம். அட்டையில் காய் வைத்து ஆடிய காலத்து ஏற்பாடு இது, அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்தது. மேலே கேள்வி கேட்டவர் தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்காரர், அவரிடம் கேளுங்கள், தேன்கூட்டைக் காட்டி இன்னும் நல்லா விளக்குவார்.

வெட்டூர்ணிமடம், இன்ஜினியரிங் மாணவர்: இப்போ போன்லயே இதைவிடப் பத்து மடங்கு பெரிய கேம் ஓடுது. அந்தப் பழைய மெஷின்ல என்ன இருந்துச்சுன்னு இப்படி உருகுறீங்க சார்?

ஒரே ஒரு உதாரணம் சொல்லுகிறேன் தம்பி, பைய வாசிங்க.

1981-ல் அதே கிறிஸ் கிராஃபர்ட் அட்டாரி கம்ப்யூட்டருக்கு "ஈஸ்டர்ன் ஃபிரண்ட்" என்று ஒன்று எழுதினார். ஜெர்மனி ரஷ்யாமேல் படையெடுத்த கதை. 16 கேபி மெமரியில் ஓடும். உங்கள் மாமா தினமும் காலையில் அனுப்புகிற குட்மார்னிங் படம் ஒன்றுக்கே அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த 16 கேபிக்குள் ஸ்கிரீனைவிடப் பெரிய மேப் இருந்தது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். பருவம் மாறினால் நிலத்தின் நிறம் மாறும், பனிக்காலத்தில் ஆறு உறையும்.

அதைவிடப் பெரிய வித்தை உள்ளே இருக்கிறது. பழைய டி.வி. குழாயில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே வரி வரியாகப் படம் வரைந்து முடித்து, மறுபடி மேலே போகும். அமெரிக்க டி.வி.யில் செகண்டுக்கு 60 தடவை. கற்றை மேலே திரும்புகிற அந்தச் சின்ன இடைவெளியில் ஜாய்ஸ்டிக்கைப் பார்ப்பது, மேப்பை நகர்த்துவது எல்லாம் நடந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க ப்ராசஸர் என்ன செய்யும்? ரஷ்யத் தரப்பின் திட்டத்தைப் போட்டுப் போட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும். அதாவது, நீங்கள் யோசிக்க எடுக்கிற நேரத்தில்தான் அதுவும் யோசிக்கிறது. நிதானமாக ஆடுகிறவனுக்கு எதிரி கெட்டிக்காரன். அவசரக்காரனுக்கு எதிரியும் கொஞ்சம் மந்தம். டீ குடிக்க எழுந்து போனீர்களோ, தொலைந்தீர்கள்.

மெஷினில் வேகம் இல்லை. இல்லாத வேகத்துக்குப் பதிலாக உங்கள் நேரத்தைக் கடன் வாங்கி அதை எதிரியின் மூளையாக மாற்றியிருக்கிறார். இதைப் பார்த்து உருகாமல் என்ன செய்ய? ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு இங்கே அட்டாரியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ரொம்பக் காலம் கழித்து, பழைய மெஷின் மாதிரி நடிக்கும் எமுலேட்டர் ப்ரோகிராமில் ஆடித்தான் தெரிந்துகொண்டேன்.

குளச்சல்: அப்போ நம்ம பக்கத்துல என்ன மெஷின்தான் இருந்துச்சு?

1984-ல் மத்திய அரசு, பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் கிளாஸ் என்ற திட்டத்தில் சில பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கொடுத்தது. 32 கேபி. அதைத் தொட்டவர்கள் பாக்கியவான்கள். எனக்கு வாய்த்தது ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. கம்ப்யூட்டரின் நகல்தான். 360 கேபி ஃபிளாப்பி, அம்பர் நிற மானிட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும், ஏ.சி. எங்களுக்கு இல்லை, மெஷினுக்கு.

அந்த மானிட்டர்தான் என் கஷ்டம். விளையாட்டுகள், திரையில் படம் காட்டும் சி.ஜி.ஏ. என்ற கார்டுக்கு எழுதியவை: 320க்கு 200 புள்ளி, நாலு நிறம். எங்களிடம் இருந்தது ஹெர்குலிஸ் கார்டு: 720க்கு 348, ஒரே நிறம். எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் விளையாட்டு ஓடாது. அதற்கு சிம்-சி.ஜி.ஏ. என்ற குட்டி ப்ரோகிராமை முதலில் ஓட்டி மெஷினை ஏமாற்றணும். நிறமெல்லாம் புள்ளிப்புள்ளியாக வரும். என் படை, எதிரிப் படை எல்லாம் ஒரே பழுப்பு. எதிரியின் நகரத்தை என் நகரம் என்று நினைத்து, காவல் இல்லாமல் கப்பல்களை அனுப்பி ஒரு முழு ராத்திரியைத் தோற்றிருக்கிறேன். தோற்காமல் போனால் கரண்ட் போகும்.

ஃபிளாப்பி வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியில் வரும், இல்லையென்றால் திருவனந்தபுரத்திலிருந்து. எல்லாம் நகல்தான், மறைப்பானேன். சில விளையாட்டு நடுவில் நிறுத்தி, "கையேட்டில் இன்ன பக்கத்தில் இன்ன வார்த்தை என்ன?" என்று கேட்கும். கையேடு ஏது? யாரோ எடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அழிந்த எழுத்தை ஊகிக்கணும்.

கொட்டாரம்: டர்போ பட்டன் எதுக்கு? அமுக்கினா வேகமா?

பழைய பி.சி. பெட்டிகளில் அந்தப் பட்டன் இருந்ததே, தேவைப்பட்டால் வேகத்தைக் குறைக்கத்தான். பழைய விளையாட்டுகள் 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பி எழுதியவை, புது மெஷினில் தலைதெறிக்க ஓடும். முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு அதில் கவலையே இல்லை.

இரணியல்: அப்பா வாங்கின பழைய 486 கம்ப்யூட்டர் ஒண்ணு மச்சில கெடக்கு. இருபது வருஷமா ஆன் பண்ணல. பிளக்கில் சொருகிப் பாக்கலாமா அண்ணே?

வேண்டாம் தங்கச்சி. கையை எடுங்க.

முதலில் மூடியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்க. கீபோர்டு சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலும் நீல நிறத்தில், குட்டிப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி இருக்கலாம். தேதி, நேரம், செட்டிங் எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் நிக்கல்-காட்மியம் பேட்டரி. வயசானால் கசியும். கசிவது காரம், அது செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அதுதான். நான் பார்த்த செத்த போர்டுகளில் பாதிக்குமேல் இந்தச் சவம்தான் காரணம். நம் கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே வேலையை முடித்துவிடும்.

பேட்டரியின் கால்களை மட்டும் வெட்டி அதை எடுத்துவிடுங்க. காரத்தை முறிக்க, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பொறவு சுத்தமான தண்ணீர், கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். ரெண்டு நாள் காயட்டும். பவர் சப்ளையைத் தெரிந்த ஆளிடம் தனியாகச் சோதிக்காமல் மாட்டாதீங்க. மானிட்டரின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம் நிற்கும்.

கருங்கல்: ஃபிளாப்பில வெள்ளையா பூசணம் இருக்கு.

டிரைவில் போடாதீங்க. ஹெட்டும் கெடும், அடுத்து போடுகிற நல்ல ஃபிளாப்பியும் கெடும். தட்டைத் துடைத்துக் காயவைத்த பிறகு பழைய டிரைவை க்ரீஸ்வீசில் என்கிற சின்ன போர்டு வழியாக யு.எஸ்.பி.யில் இணைத்துப் படித்து வையுங்க. கடையில் கிடைக்கிற யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் மூன்றரை அங்குல ஃபிளாப்பிக்கு மட்டும்தான், அதைவிடப் பெரிய பழைய ஃபிளாப்பிக்கு ஆகாது.

குழித்துறை: பான்சர் ஜெனரல் ஆடியிருக்கியளா? அதுல நாம ஜெர்மன்காரன் பக்கம்லா? மனசு உறுத்தலயா?

1994-ல் வந்த இரண்டாம் உலகப்போர் விளையாட்டு. ஆடாத ராத்திரி கிடையாது. ஒரு சண்டையில் பிழைத்த டாங்க் அனுபவத்தோடு அடுத்த சண்டைக்கு வரும், அதனால் ஒவ்வொன்றும் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். அபாரமாக ஜெயித்துக்கொண்டே போனால் வாஷிங்டன்வரை கொண்டுபோய் விடும். உறுத்தியதா என்றால், அன்று இல்லை, இன்று உண்டு. அந்த மேப்பில் நகரங்கள் உண்டு, ஜனங்கள் கிடையாது. இருபத்தஞ்சு வயசில் அது கண்ணில் படவில்லை.

குளச்சல் (முன்னால் கேட்டவரே): மக்கா, நம்ம ஊர் சண்டையை யாராவது கேமா பண்ணலாமே?

பண்ணலாம், அருமையாக வரும். 1741. டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து குளச்சலில் இறங்கி, திருவிதாங்கூரின் அன்றைய தலைநகர் பத்மநாபபுரத்தைக் குறிவைக்கிறார்கள். ராஜா மார்த்தாண்ட வர்மா வடக்கிலிருந்து திரும்பி வரணும். மேப் சின்னது, தரப்பு ரெண்டு, நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் கடலில் கப்பல் வழியாக உணவும் வெடிமருந்தும் இறக்குவதுதான் ஆட்டத்தின் உயிர். உங்களுக்குத் தெரியாததா?

உண்மையைச் சொன்னால் கோடு போட்ட நோட்டில் பாதி எழுதி வைத்திருக்கிறேன். காற்று பலமாக வீசினால் கப்பல் காய்கள் கரைக்கு வரக்கூடாது என்று விதி போட்டாச்சு. அந்தச் சண்டையில் பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிற்பாடு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானவர். அவருக்கான காயை நாம் பிடித்த பிறகு பெட்டிக்குள் போடுவதா, நம் பக்கம் வைத்து ஆடுவதா என்பதில்தான் எனக்கும் மகனுக்கும் தினமும் சண்டை.