தைலம் தோலைத் தாண்டுமா?

வலிக்குப் பூசும் மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. முதலிலேயே ஒன்று: நான் வைத்தியன் இல்லை. களிம்பு, ஜெல், பேட்ச் என்று ஆய்வகத்தில் கிண்டிக்கொண்டிருக்கும் பார்மசிக்காரன், ஊர் குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். உங்களுக்கு எந்த மருந்து என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி: விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்ப் பால் வெட்டி வெட்டித் தோள்பட்டை கழன்றுபோகிறது. தைலம் தேய்த்தால் எலும்பு வரைக்கும் இறங்குமா?

எலும்பை விடுங்கள் அண்ணே, தோலைத் தாண்டுவதே பெரும்பாடு. தோலின் உச்சியில் செத்த செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஓலைக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடுக்கெல்லாம் கொழுப்பு அடைத்திருக்கும். மழையில் நனைந்தாலும் நாம் ஊறிப் போகாததற்கு அதுதான் காரணம். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு அது) மேல் போனால் இந்தக் கூரையைத் தாண்டுவது கடினம் என்று 2000இல் போஸ், மைனார்டி என்ற இருவர் எழுதினார்கள். இன்றும் எங்கள் துறையில் முதல் கேள்வி அதுதான்.

தைலத்தில் ஜில்லென்று இருக்கும் மென்தாலின் எடை 156, வலி ஜெல்லில் இருக்கும் டைக்ளோஃபினாக்கின் எடை 296. இரண்டும் தாண்டும். விரல், முழங்கால் போலத் தோலுக்குக் கிட்டே இருக்கும் மூட்டுகளில் ஜெல் நன்றாகவே உதவுகிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் கிடக்கிறது, அங்கே எதிர்பார்க்க வேண்டாம். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில். மேல்தசை வலி என்றால் குறையும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் தைலத்தை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். ஜில்லென்று இருப்பதை வைத்து மருந்து இறங்கிவிட்டது என்று நினைத்துவிடவும் வேண்டாம். குளிரை உணரும் நரம்பு முனையை மென்தால் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான்.

திருவட்டாறு, ஒரு பாட்டியின் பேரன்: காந்தாரி மிளகாயை அரைத்து முழங்காலில் பற்றுப் போடலாம் என்கிறாள் பாட்டி. தடுக்கவா, விடவா?

தடுங்கள். ஆனால் பாட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. மிளகாயின் காரம் கேப்சைசின். அது நரம்பில் எந்தப் பூட்டைத் திறக்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் கண்டுபிடித்தது. டிஆர்பிவி1 என்ற அந்த ஏற்பி சூட்டையும் உணரும். அதனால்தான் காரம் ‘எரிகிறது’. 2021இல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், முதலில் எரியவிடும் அதே பொருள் திரும்பத் திரும்பப் பட்டால் நரம்பு முனை ஓய்ந்துபோகும், வலிச் செய்தி அனுப்பாது. கடையில் கிடைக்கும் கேப்சைசின் கிரீம் 0.025 முதல் 0.075 சதவீதம். தினம் மூன்று நான்கு வேளை வீதம் சில வாரம் பூசினால்தான் பலன் தெரியும். அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலிக்கு 8 சதவீத பேட்ச் ஒன்றை 2009இல் அமெரிக்கா அனுமதித்தது. அதை ஒரு மணி நேரம், மருத்துவர் கண்பார்வையில் ஒட்டுவார்கள். பாட்டியின் அம்மியில் எத்தனை சதவீதம் என்று யாருக்குத் தெரியும்? கொப்புளம் வரலாம்; அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் வேறு கதை. ஏற்கெனவே அரைத்துவிட்டாரா? கேப்சைசின் தண்ணீரில் கரையாது. முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம், எம்.பார்ம் மாணவி: நொச்சி இலைச் சாற்றில் ஜெல் செய்கிறேன் சார். எலியின் பாத வீக்கம் குறைந்ததைக் காட்டினால் போதுமா?

போதாதும்மா. வீக்கம் குறைந்தது சரி, எது குறைத்தது? நொச்சியில் அடையாளப் பொருளாக அளக்கப்படும் நெகுண்டோசைடின் எடை 496, அக்னுசைடின் எடை 466. எல்லைக்குள் இருப்பது போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் சர்க்கரை ஒட்டியிருக்கிறது, தண்ணீர்ப் பக்கம் சாயும். கூரையோ கொழுப்பு. வெறும் ஜெல்லில் எவ்வளவு தாண்டும் என்பதைத்தான் நீ முதலில் அளக்க வேண்டும். அதன்பிறகு லிப்போசோம், எத்தோசோம் என்று மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குப் போகலாம். ‘நானோ’ என்று தலைப்பில் போடுவதற்காகப் போகாதே.

ஃபிரான்ஸ் செல்லில் (மருந்து தோலைத் தாண்டுவதை அளக்கும் கண்ணாடிக் கருவி) பன்றிக் காதுத் தோல் வை, தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் இருக்கட்டும். கறிக்கடையில் சுடுதண்ணீர் ஊற்றி முடி வழித்த காது வேண்டவே வேண்டாம், அந்தக் கூரை அப்போதே போயிற்று. வெட்டுவதற்கு முன்பே சொல்லிவைத்து வாங்கு. தோலுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அந்த செல்லின் ரீடிங் குப்பை. செல்லைச் சாய்த்து வெளியேற்று. நான் இதில் பாழாக்கிய நாட்களுக்குக் கணக்கே இல்லை.

ஒரு வர்ம ஆசானின் சீடர்: வலியைப் போக்குவது எண்ணெயா, கையா?

இரண்டும் என்பேன், ஆனால் கைக்குக் கொஞ்சம் கூடுதல். தடவும்போது எழும் தொடு உணர்வு தண்டுவடத்தில் வலிக்கு வாசலை அடைக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் ஒரு கோட்பாடு சொன்னார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாமே தேய்ப்பதும் அதற்குத்தான்.

எண்ணெய்க்கு வருவோம். காய்ச்சும்போது இலையிலிருந்து எண்ணெயில் கரைவது மட்டுமே பெரும்பாலும் வரும், மற்றது வண்டலோடு நிற்கும். எங்கள் அம்மாச்சி திரியை எண்ணெயில் தோய்த்துப் பற்றவைப்பாள். சடசடத்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, அடுப்பை விட்டு இறக்கமாட்டாள். ஈரப்பதம் பார்க்க எங்களிடம் லட்ச ரூபாய்க் கருவி இருக்கிறது. கேட்கும் கேள்வி அவள் கேட்டதுதான்.

குளச்சல்: இதய வால்வு மாற்றிய அப்பா, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கடலுக்குப் போய் வந்து முதுகு முழுக்க வலி பாம் பூசுகிறார். பரவாயில்லையா?

தங்கச்சி, பாமை இன்றைக்கே நிறுத்தச் சொல்லு, வார்ஃபரினை அல்ல. டாக்டரிடமும் சொல்லி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்க்கச் சொல்லு. அட்டையில் மீதைல் சாலிசிலேட் என்று போட்டிருக்கிறதா பார். வின்டர்கிரீன் செடியின் எண்ணெயில் இருப்பது அதுதான், ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். தோல் வழியே ரத்தத்தில் கலந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். பாம் பூசி மேலே வெந்நீர்ப் பை வைத்தால் இன்னும் அதிகம் இறங்கும். சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமானது இருக்கிறது. 325 மில்லிகிராம் மாத்திரையில் இருபதுக்கும் மேல். பிள்ளைகள் கைக்கு எட்டும் அலமாரியில் அந்தப் பாட்டிலை வைக்காதே.

நாகர்கோவில்: பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய்?

வாய்க்குள் தோல் ஈரமானது, கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் சட்டென்று வேலை செய்யும். பல் டாக்டரும் துத்தநாக ஆக்சைடோடு அதைக் கலந்து தற்காலிகமாக அடைக்கிறார். நம் மாறாமலையில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு வந்த பெருமை வேறு. ஆனால் நீர்க்காத எண்ணெய் ஈறைப் புண்ணாக்கிவிடும். பஞ்சில் ஒரு சொட்டு, பல்லில் மட்டும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: செடியிலிருந்து வந்தால் பக்கவிளைவே இல்லையாமே?

கார்த்திகை மாதம் வேலியில் பூக்கும் செங்காந்தளைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருக்கும் கொல்கிசினை மில்லிகிராமில் அளந்து கௌட் என்ற மூட்டு வலிக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அதே செடியின் கிழங்கைத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள்.