வெளியே எடுத்துப்போக முடியாத வில்லுக்கத்திகள்

கேள்வி: பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றமாக உள்ள நாட்டில் மடக்குக்கத்திகளைச் சேகரிக்கலாமா? சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாத பொருளைச் சேர்த்து வைப்பதில் என்ன இருக்கிறது?

சேகரிக்கலாம். நான் இங்கிலாந்தில் பதினெட்டு ஆண்டுகளாகச் சேகரிக்கிறேன். என்னிடம் நாற்பத்தொரு கத்திகள் இருக்கின்றன. அவற்றில் பன்னிரண்டைத் தகுந்த காரணம் இல்லாமல் வாசற்படிக்கு வெளியே கொண்டுபோனால் நான் குற்றவாளி. மற்றவற்றைக் கொண்டுபோகச் சட்டம் விடுகிறது. ஆனாலும் நான் கொண்டுபோவதில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இதை வில்லுக்கத்தி என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் பேனாக்கத்தி என்றும் மடக்குக்கத்தி என்றும் சொல்வார்கள். பேனாக்கத்தி என்ற பெயர் இறகுப் பேனாவைச் சீவிய காலத்திலிருந்து வந்தது. மடக்குக்கத்தி என்பது அலகு மடங்குவதைச் சொல்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் கத்திக்குள் மறைந்திருக்கும் உறுப்பைப் பிடித்துக்கொண்டது. பிடியின் முதுகுப் பக்கமாக ஓடும் எஃகு வில், அதாவது ஸ்பிரிங், அதுதான் இந்தக் கத்தியின் உயிர்.

என் அப்பப்பாவின் மடியில் எப்போதும் ஒரு வில்லுக்கத்தி இருக்கும். மாங்காய் சீவுவது, உரப்பையின் தையலை அறுப்பது, புகையிலைக் கட்டின் கயிற்றை வெட்டுவது எல்லாம் அதனால்தான். அலகின் அடியில் தேய்ந்துபோன ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் இருந்தன. அவை என்ன என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அந்தக் கத்தியும் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய கரண்டிகளுக்கு நடுவே கிடந்த ஒரு கத்தியில் அதே நட்சத்திரத்தையும் அதே சிலுவையையும் பார்த்தேன். ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ரொஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. 1764 முதல் அவர்களுடையது. எட்டு பவுண் கொடுத்து வாங்கினேன். என் சேகரிப்பு அன்று தொடங்கியது.

சட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளாமல் இங்கே ஒரு கத்திகூட வாங்கக் கூடாது. அலகோ கூர்முனையோ உள்ள பொருளைப் பொது இடத்தில் வைத்திருப்பது 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி குற்றம். அதிகபட்சத் தண்டனை நான்கு ஆண்டுச் சிறை. இதற்குள் ஒரு விலக்கு இருக்கிறது. வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்குக்குள் வராது என்று 1990களில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துவிட்டன. அலகு ஓர் அங்குலமே இருந்தாலும் பூட்டு இருந்தால் அது வேறு வகை.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: இந்தச் சட்டம் கத்தியின் நீளத்தை மட்டும் அளக்கவில்லை, வில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறது. அலகை வெறுமனே தாங்கிப் பிடிக்கும் வில் என்றால், மூன்று அங்குலம் வரை தெருவுக்கு வரலாம். வில்லில் கூடுதலாக ஒரு கொக்கி வெட்டி, அது அலகின் குழியில் விழுந்து பூட்டினால், காரணம் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் வில்லே அலகைத் தள்ளித் திறந்தால், அதை வீட்டில்கூட வைத்திருக்கக் கூடாது. இந்தத் தள்ளுகத்திகளை விற்பதும் இறக்குமதி செய்வதும் 1959 முதலே தடை. வீட்டில் வைத்திருப்பதும் 2021 ஜூலை 14 முதல் குற்றமாகிவிட்டது. அதற்கு முன்னதாக ஒப்படைப்பவர்களுக்கு இழப்பீடு தரும் திட்டம் ஒன்று நடந்தது. என்னிடம் இருந்த ஓர் இத்தாலியக் கத்தியை அப்போது ஒப்படைத்தேன். எருமைக்கொம்புப் பிடி போட்ட அழகான வேலைப்பாடு. கொடுக்கும்போது மனம் கனத்தது. ஆனாலும் அதைக் கொடுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆக, மூன்று வில்லுக்கு மூன்று நீதி. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. சிவப்புப் பிடி சுவிஸ் கத்திகளையே பாருங்கள். மூடிய நிலையில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள வகையில் பெரிய அலகு பூட்டிக்கொள்ளாது, மூன்று அங்குலத்துக்கும் உட்பட்டது. அதே நிறுவனத்தின் 111 மில்லிமீட்டர் வகையில் அலகு பூட்டிக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். தெருவில் ஒன்று சட்டத்துக்குள், மற்றது வெளியே. வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொஞ்சம் திறந்ததும் மீதியை வில்லே திறந்துவிடும் கத்திகளும் இப்போது தள்ளுகத்தி என்ற வரையறைக்குள் வருகின்றன.

காரணம் என்றால் என்ன காரணம்? வேலைக்குத் தேவை, சமயக் கடமை, தேசிய உடையின் பகுதி ஆகிய மூன்றையும் சட்டமே சொல்கிறது. சீக்கியரின் கிர்பான் என்ற குறுவாளும் ஸ்கொட்லாந்துக்காரர் காலுறையில் செருகும் சிறு கத்தியும் அப்படித்தான் வருகின்றன. இவை தவிர வேறு தகுந்த காரணமும் சொல்லலாம். ஆனால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. "என் பாதுகாப்புக்காக" என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. 1953ஆம் ஆண்டின் சட்டப்படி, இரண்டு அங்குலப் பேனாக்கத்திகூட அந்த எண்ணத்தோடு கையில் இருந்தால் ஆயுதமாகிவிடும்.

காரணத்துக்கு நேரமும் இடமும் உண்டு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கோடையில் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போனோம். தர்பூசணி வெட்டுவதற்கு ஒப்பினெல் எட்டாம் எண் கத்தியை எடுத்துப்போனேன். பிரான்சில் செய்யப்படும், மரப்பிடி போட்ட எளிய கத்தி, அலகு 8.5 சென்டிமீட்டர், கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் உண்டு. நீளத்தாலும் பூட்டாலும் விலக்குக்கு வெளியே நிற்பது. பழம் வெட்டி முடிந்ததும் துடைத்துப் பையின் பக்க அறையில் வைத்தேன். மறுநாள் அதே பையோடு வேலை விஷயமாக ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போக, வாசலில் நடந்த சோதனையில் அது அகப்பட்டது. பொலிஸார் வந்தார்கள். "மறந்துவிட்டேன்" என்பது தன்னளவில் காரணம் ஆகாது என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, கத்தியை வைத்துக்கொண்டு, அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். அன்று அவர்கள் காட்டியது பெருந்தன்மை. சட்டம் அவர்களை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். சந்தையிலோ ஏலத்திலோ பூட்டுக்கத்தி வாங்கினால் பற்றுச்சீட்டைக் கையோடு வாங்குவேன். கத்தியைத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, பையின் அடியில் போட்டு நேரே வீட்டுக்கு வருவேன். நடுவில் தேநீர்க் கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ போக மாட்டேன். காரில் வைத்துவிட்டு மறப்பது எல்லாவற்றிலும் மோசம். பொதுச் சாலையில் நிற்கும் காருக்குள் இருந்தாலும் அது பொது இடத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். தபாலில் வரவழைத்தால், பெற்றுக்கொள்பவருக்குப் பதினெட்டு வயது நிறைந்ததா என்று வாசலில் சரிபார்த்துத்தான் தருவார்கள்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று சில சேகரிப்பாளர்கள் முணுமுணுப்பார்கள். நான் அவர்களோடு சேர்வதில்லை. என் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்துக்கு அருகில், கத்திக்குத்தில் இறந்த ஒரு பையனுக்காக வைத்த பூக்கள் வாடி உதிர்ந்து, மறுபடி புதிதாக வைக்கப்படுவதைப் பல மாதங்கள் பார்த்தேன். அவன் வயதுதான் என் மகனுக்கும் அப்போது. நான் மடியில் கத்தி இல்லாமல் நடப்பதால் எனக்கு எந்த இழப்பும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எடுத்துப்போக முடியாததில் என்ன இருக்கிறது? எனக்கு இதைச் சொல்லத்தான் ஆசை.

ஒரு நல்ல ஷெஃபீல்ட் கத்தியைக் கையில் எடுங்கள். அலகில் நகம் வைத்து இழுக்கச் சிறு பள்ளம் இருக்கும். இழுக்கும்போது வில் எதிர்க்கும், பிறகு விட்டுக்கொடுக்கும், கடைசியில் அலகு "டக்" என்று தன் இடத்தில் நிற்கும். அந்த எதிர்ப்பை நடை என்றும் அந்த ஒலியைப் பேச்சு என்றும் இங்கே சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள். நடை தளர்ந்த கத்தியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. திறந்திருக்கும்போதும், மூடியிருக்கும்போதும் வில்லின் முதுகு பிடியோடு மயிரிழை பிசகாமல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அரம் பிடித்து, தேய்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்து அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். விரலை ஓட்டினால் இன்றும் தெரிகிறது.

ஷெஃபீல்டில் இப்படிச் சிறு பட்டறைகளில் தனியாக வேலை செய்தவர்களை "குட்டி மேஸ்திரிகள்" என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அந்த வரிசையில் கடைசிப் பெரிய கைகளில் ஒருவர் ஸ்டான் ஷோ. சிறுவனாகத் தொழிலுக்கு வந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் வில்லுக்கத்தி செய்து, 2021இல் காலமானார். அந்த ஊரில் இன்னும் சில பட்டறைகள் இயங்குகின்றன. போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று புதிதாக வாங்குவேன், பழையதை மட்டும் வாங்கினால் தொழில் எப்படிப் பிழைக்கும்? ஊரின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் அமைந்தது. அதன் மண்டபத்தில் 1851 உலகக் கண்காட்சிக்காக ரொஜர்ஸ் நிறுவனம் செய்த, எழுபத்தைந்து அலகுகள் கொண்ட மாபெரும் கத்தி இருக்கிறது. அதைப் பார்த்து வியந்தேன். ஆனால் என் மனம் நிற்பது ஒற்றை அலகு வைத்த தோட்டக்காரன் கத்தியில்தான்.

பழைய கத்தியின் வயதைக் கண்டுபிடிப்பது தனி இன்பம். ரொஜர்ஸ் கத்திகளில் கிரீடத்தின் இரு பக்கமும் அரச முதலெழுத்துகள் இருக்கும். விக்டோரியாவுக்குரிய எழுத்து என்றால் 1901க்கு முந்தியது. எட்வர்டுக்குரியது என்றால் 1901க்கும் 1910க்கும் இடைப்பட்டது. "இங்கிலாந்து" என்ற சொல் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. நாட்டின் பெயர் இல்லாத பொருளை அமெரிக்கச் சுங்கச் சட்டம் அந்த ஆண்டு முதல் உள்ளே விடவில்லை.

பிடிகளைப் பார்த்தால் நம் பக்கத்துக் காடே வந்து நிற்கிறது. ஷெஃபீல்டின் உயர்ந்த பிடிகளுக்கு இந்தியாவிலிருந்து போன கொம்பு, நாங்கள் மரை என்றும் தமிழ்நாட்டில் கடமான், மிளா என்றும் சொல்லும் மானின் கொம்பு. உதிர்ந்த கொம்பையும் ஏற்றுமதி செய்ய இந்தியா 1990களின் இறுதியில் தடைபோட்டது. மாட்டெலும்பில் கோடு கீறி, சாயம் ஏற்றி மான்கொம்பு போலச் செய்யும் வழக்கம் அதற்கு வெகு முன்பிருந்தே உண்டு. தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். யானைத்தந்தப் பிடி எனக்கு வேண்டாம். வாங்குவதற்கும் விற்பதற்கும் 2022 முதல் இங்கே கடும் தடை இருக்கிறது. தடை இல்லாத காலத்திலும் நான் வாங்கியதில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக: தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். தோல் உறைக்குள் நெடுநாள் வைக்காதீர்கள், துருப்பிடிக்கும். செலுலாய்ட் என்ற பழைய காலப் பிளாஸ்டிக்கில் பிடி போட்டவற்றைத் தனியாக வையுங்கள். அது சிதையும்போது வெளிவரும் வாயு பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும். நான் இப்படி இரண்டை இழந்தேன். அலகில் படிந்த கருமையை மினுக்கித் தேய்க்காதீர்கள். முத்திரையும் சேர்ந்து போய்விடும்.

என் பெட்டியில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது மடக்கெழுத்தாணிக்கு. ஒரு முனையில் ஓலை நறுக்கச் சிறு கத்தி, மறு முனையில் ஓலையில் எழுத எழுத்தாணி. இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். அவர்கள் இறகைச் சீவக் கத்தி செய்தார்கள் என்றால், நம்மவர்கள் கத்தியையும் பேனாவையும் ஒரே பிடிக்குள் வைத்தார்கள். ஏலப் பட்டியல்களில் எப்போதாவது தலைகாட்டும். இரண்டு முறை விலை என் கைக்கு மிஞ்சிப் போயிற்று. கிடைக்கும் நாளில், "கூர்முனை உள்ள பொருள்" என்ற சட்டச் சொல்லுக்குள் அதுவும் அடங்கும் என்பதால், பற்றுச்சீட்டோடு தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவருவேன்.