பற்றீரியாக்களின் பேச்சை நனோ துணிக்கைகள் எப்படிக் குழப்புகின்றன?

பற்றீரியாவுக்கு வாய் இல்லை; ஆனாலும் பேசும். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன இரசாயன மூலக்கூறுகளை வெளியே விடும். கூட்டம் பெருகப் பெருக அவையும் பெருகும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக நஞ்சு சுரக்கவோ, வழுவழுப்பான படலம் கட்டவோ தொடங்கும். இறால் குஞ்சுகளைக் கொல்லும் விப்ரியோ ஹார்வேயி என்ற பற்றீரியா இருட்டில் ஒளிர்வதும் இப்படிப் பேசித்தான்.

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் மட்டும் நின்றால் ஒருவரும் கயிற்றைத் தொடமாட்டார்கள். கூப்பிடு குரல் கேட்டு, இரண்டு பக்கமும் ஆள் நிறைந்த பிறகுதான் ‘ஏலேலோ’. அந்தக் குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போனால்? ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள். வலைதான் கரைக்கு வராது. கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய துகளான நனோ துணிக்கை செய்வது அந்தக் காற்றின் வேலை.

துணிக்கை பலவேளை கைற்றோசானால் ஆனது. நாம் வாவி இறாலை உரித்து எறிகிற கோதில் உள்ள கைற்றினைக் காரத்தில் சூடாக்கினால் கிடைப்பது அது. (குப்பைக்கு வந்த மவுசைப் பாருங்கள்!) கைற்றோசானில் நேர்மின்னேற்றம், பற்றீரியாவின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம், ஒட்டிக்கொள்ளும். சில நூறு நனோமீற்றர் அளவுதான் என்பதால் படலத்துக்குள் புகுந்து, சுமந்து வந்த குர்குமின் போன்ற பொருளை இறக்கும். மஞ்சளில் இருக்கிறதே, அதே குர்குமின். பற்றீரியாக்கள் பேசப் பயன்படுத்தும் அந்த இரசாயனச் சைகையை உருவாக்கவோ வாங்கவோ அது விடாது.

பலர் நினைப்பதுபோல் இதன் நோக்கம் பற்றீரியாவைக் கொல்வதல்ல. அதனால் வைத்தியர் தந்த அன்ரிபயோற்றிக்கை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.